யூனிக்ஸ், லினக்ஸ் கட்டளைப் பெயர்கள்: எப்படிச் சொல்வது, எங்கிருந்து வந்தன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் தினமும் தட்டும் பெயர்களை வாய்விட்டுச் சொல்ல வரும்போதுதான் தயக்கம் எழுகிறது. நேர்காணலிலும் வகுப்பிலும், தொலைபேசியில் ஒருவருக்குக் கட்டளை சொல்லும்போதும் இந்தத் தயக்கம் வேலையைக் கெடுக்கிறது. பெரும்பாலான பெயர்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் உச்சரிப்பும் நினைவில் நிற்கும். அந்தக் கட்டளை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதும் பல இடங்களில் விளங்கும்.

தமிழில் டி, பி போன்றவை ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகளைக் குறிக்கும். குழப்பம் வரக்கூடிய இடங்களில் ‘டெல்லி டி’, ‘டைகர் டி’ என்று பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

எழுத்தெழுத்தாகச் சொல்வதா, ஒரே சொல்லாகச் சொல்வதா? பொது விதி உண்டா?

எழுதிவைத்த விதி கிடையாது. ஆனால் பழக்கத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நடுவில் உயிரெழுத்து வந்து நாக்கில் எளிதாக உருளும் பெயரென்றால் சொல்லாகவே சொல்வார்கள்: கேட், கிரெப், செட், டார், மேன், பாஷ், லெஸ். உயிரெழுத்தே இல்லாத இரண்டெழுத்துப் பெயரென்றால் எழுத்தெழுத்தாக: எல்-எஸ், சி-பி, எம்-வி, ஆர்-எம், பி-எஸ், டபிள்யூ-சி. இரண்டு சுருக்கங்களை ஒட்டி உண்டாக்கிய பெயரென்றால் ஒவ்வொரு துண்டையும் அதனதன் வழியில்: மேக்-டிர், யூ-மாஸ்க், எல்எஸ்-பிளாக், மேக்-எஃப்எஸ்.

இதற்கு அடங்காதவை சில உண்டு. வி-ஐ இரண்டெழுத்தில் உயிர் இருந்தும் சொல்லாகாது. ஐ-டி, ஐ-பி, டி-யூ ஆகியவையும் எழுத்துகளாகவே சொல்லப்படுகின்றன.

பெயர்கள் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கின்றன?

யூனிக்ஸ் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் முதலில் ஒரு பிடிபி-7 இயந்திரத்தில் அதை எழுதினார்கள். அப்போது கணினியோடு பேசத் திரை இல்லை. டெலிடைப் மாடல் 33 போன்ற தட்டச்சு முனையங்கள்தான். அது விநாடிக்கு 10 எழுத்துதான் காகிதத்தில் அச்சடிக்கும். சாவிகளை அழுத்தவும் நல்ல பலம் வேண்டும். அப்படிப்பட்ட கருவியில் ஒவ்வொரு எழுத்தும் நேரச் செலவு. நகலெடுக்க இரண்டெழுத்து, நீக்க இரண்டெழுத்து, பெயர் மாற்ற இரண்டெழுத்து என்று வைத்ததற்குக் காரணம் இதுதான்.

வேலை சரியாக முடிந்தால் யூனிக்ஸ் கட்டளைகள் ஒன்றும் சொல்லாமல் அமைதியாக இருப்பதும் இதே காலத்துப் பழக்கம். ‘முடிந்தது’ என்று அச்சடிப்பதற்கே ஒரு விநாடி போய்விடும். நீங்கள் இருக்கும் அடைவை (ஃபோல்டரை) காட்டும் பி-டபிள்யூ-டி கட்டளையின் விரிவு ‘பிரின்ட் வொர்க்கிங் டைரக்டரி’. திரையில் காட்டுவதை ‘பிரின்ட்’ என்று சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம்; அன்று அது உண்மையிலேயே காகிதத்தில் அச்சாயிற்று.

1971 நவம்பர் 3 தேதியிட்ட, யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேட்டிலேயே கேட், சி-பி, எல்-எஸ், எம்-வி, ஆர்-எம், மேக்-டிர், சிஹெச்-மாட், டபிள்யூ-சி எல்லாம் இருக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெயர் மாறவில்லை.

எல்-எஸ் என்பதில் அந்த எஸ் எதற்கு?

அடைவில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை இது. ‘லிஸ்ட்’ என்பதன் முதலும் மூன்றாவதும் எழுத்து. யூனிக்ஸுக்கு முந்தைய மல்டிக்ஸ் இயங்குதளத்தில் ‘லிஸ்ட்’ கட்டளைக்கு இதே சுருக்கம் இருந்தது. தாம்சனும் ரிச்சியும் மல்டிக்ஸில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். யூனிக்ஸ் என்ற பெயரே மல்டிக்ஸை வைத்துச் செய்த சொல்விளையாட்டுதான். தொலைபேசியில் சொல்லும்போது எல் என்ற எழுத்தைச் சிலர் எண் ஒன்றாகத் தட்டிவிடுவார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோல் தெரிவதே காரணம். ‘சின்ன எல்’ என்று சொல்லுங்கள்.

கிரெப் என்பதற்கு என்ன விரிவு?

இதற்கு நேரான விரிவு கிடையாது. இது ஒரு கட்டளை வரியின் உருவம்.

யூனிக்ஸின் முதல் உரைத்தொகுப்பான் (எடிட்டர்) ‘ஈ-டி’. அதில் ஒரு சொற்கோலம் வரும் வரிகளையெல்லாம் அச்சடிக்க வேண்டுமென்றால் இப்படித் தட்ட வேண்டும்: ஜி, ஒரு ஸ்லாஷ், தேட வேண்டிய கோலம், இன்னொரு ஸ்லாஷ், பி. ஜி என்றால் ‘குளோபல்’, அதாவது கோப்பு முழுவதும். நடுவில் வருவது ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’, சுருக்கமாக ஆர்-ஈ. பி என்றால் ‘பிரின்ட்’. ஸ்லாஷ்களை எடுத்துவிட்டு ஒட்டிப் பாருங்கள்: ஜி, ஆர், ஈ, பி. அதுதான் கிரெப்.

தனிக் கட்டளையாக அது வெளியே வந்ததற்கும் ஒரு தேவை இருந்தது. பெல் ஆய்வகத்தில் லீ மக்மேன் என்பவர் ‘ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள்’ எனப்படும் 85 கட்டுரைகளில் எதை யார் எழுதினார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து ஹாமில்டன், மாடிசன், ஜே ஆகியோர் புனைபெயரில் எழுதிய கட்டுரைகள் அவை. ஈ-டி கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றித்தான் வேலை செய்யும். அந்தச் சிறிய இயந்திரத்தில் இவ்வளவு உரைக்கு இடமில்லை. ஈ-டி-யின் தேடும் பகுதியை மட்டும் தாம்சன் பிரித்தெடுத்து, கோப்பை வரி வரியாகப் படித்துக் கடக்கும் தனி நிரலாக்கினார். 1973-இல் வந்த நான்காம் பதிப்பில் அது இடம்பெற்றது. எத்தனை ஜிபி லாக் கோப்பு என்றாலும் கிரெப் நினைவகத்தை நிரப்பாமல் ஓடுவதற்கு அடிப்படை இந்த வடிவமைப்புதான்.

உச்சரிப்பு: ‘கிராமம்’ என்பதில் வரும் க-வின் ஒலி, பிறகு ‘ரெப்’. ‘க்ரேப்’ என்று நீட்ட வேண்டாம். இதன் உறவினர்கள் ஈ-கிரெப், எஃப்-கிரெப். இவை இரண்டையும் இப்போது கைவிடச் சொல்கிறார்கள். கிரெப்புடன் ஹைஃபன் பெரிய ஈ, ஹைஃபன் பெரிய எஃப் சேர்த்தால் அதே பலன்.

செட், ஆக் – இவை?

செட் என்றால் ‘ஸ்ட்ரீம் எடிட்டர்’, ஓடிவரும் உரையைத் திருத்துவது. எழுதியவர் மேலே சொன்ன அதே லீ மக்மேன். எழுத்தெழுத்தாகச் சொல்வதில்லை.

ஆக் மூன்று பேரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்து: ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன். 1977. ‘ஏ-டபிள்யூ-கே’ என்று சொன்னாலும் புரியும், ஆனால் வழக்கம் ஒரே சொல்தான். இதழைச் சற்றே குவித்து ‘ஆ’-வுக்கும் ‘ஓ’-வுக்கும் நடுவில் ஒலியுங்கள்.

கேட் பூனை இல்லையென்றால் என்ன?

‘கன்கேட்டனேட்’, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பது. ஒரே ஒரு கோப்பைப் பார்க்க நாம் அதைப் பயன்படுத்துவது துணைப்பயன். அசல் வேலை பல கோப்புகளை வரிசையாக ஒட்டுவது. மூன்று துண்டாக வந்த பெரிய கோப்பை ஒன்றாக்க கேட் போதும். வரிசை மட்டும் சரியாக இருக்க வேண்டும். துண்டுகளுக்கு 1, 2, 10 என்று பெயரிட்டு நட்சத்திரக் குறி போட்டால் ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) அதை 1, 10, 2 என்று அடுக்கும், கோப்பு கெட்டுவிடும். 01, 02, 10 என்று பெயரிடுங்கள்.

சிஹெச்-மாட் என்பதைச் சிலர் ‘ஷ்மாட்’ என்கிறார்கள், சிலர் ‘சேஞ்ச் மோட்’ என்கிறார்கள். எது சரி?

விரிவு ‘சேஞ்ச் மோட்’. கோப்பின் அனுமதிகளுக்கு ‘மோட்’ என்று பெயர். ச்மாட், ஷ்மாட், சிஹெச்-மோட் எல்லாமே உலகெங்கும் புழங்குகின்றன. எங்கள் பரிந்துரை சிஹெச்-மாட்: கேட்பவருக்கு முதலிரண்டு எழுத்துகள் தெளிவாகக் கிடைத்துவிடும். புதியவரிடம் ‘சேஞ்ச் மோட்’ என்று சொன்னால் அவர் அதை அப்படியே முழுதாகத் தட்டிவிட்டு, கட்டளை இல்லை என்ற பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்ணைச் சொல்லும் விதம் இதைவிட முக்கியம். 755 என்பதை ‘ஏழு ஐந்து ஐந்து’ என்று சொல்லுங்கள், ‘எழுநூற்று ஐம்பத்தைந்து’ என்று அல்ல. அது ஓர் எண்ணே இல்லை; மூன்று தனி இலக்கம். முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்றவர்களுக்கு. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. ஐந்து என்றால் படிக்கலாம், இயக்கலாம், எழுத முடியாது. இவை எட்டடிமான இலக்கங்கள் என்பதால் 8-ம் 9-ம் ஒருபோதும் வராது. யாராவது ‘சிஹெச்-மாட் 785’ என்று சொன்னால் தவறாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

சிஹெச்-ஓன் என்பது ‘சேஞ்ச் ஓனர்’. ‘டவுன்’ என்பதோடு எதுகையாகச் ‘சவுன்’ என்பவர்களும் உண்டு. ‘ஓனர்’ என்ற மூலத்தை நினைத்தால் ஓன் பொருத்தம். லினக்ஸில் தன் கோப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்றச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. அனுமதி மறுப்பு வந்தால் நீங்கள் தட்டியதில் பிழை தேடாதீர்கள், நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் சூடூ தேவைப்படுகிறது.

சூடூ-வா, சூடோ-வா?

‘எஸ்-யூ’ கட்டளையோடு ‘செய்’ என்று பொருள்படும் ‘டூ’ சேர்ந்தது என்பதால் மூலத்துக்கு நெருக்கமானது சூடூ. ஆனால் ‘போலி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஒலியில் சூடோ என்பவர்களும் ஏராளம். இரண்டுக்கும் எந்த அலுவலகத்திலும் மறுப்பு இல்லை.

எஸ்-யூ முதல் பதிப்பிலேயே இருந்தது. அன்று அதற்கு ஒரே வேலை, எல்லா உரிமையும் உள்ள சூப்பர் யூசர், அதாவது ரூட், ஆவது. பிறகு எந்தப் பயனராகவும் மாறலாம் என்றானதால் ‘சப்ஸ்டிட்யூட் யூசர்’ என்ற விரிவு வந்தது. சூடூ 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்ஸ்ஹால், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் எழுதியது.

இதில் அடிக்கடி சிக்கும் மூன்று இடங்கள்:

முதலாவது, வெறும் எஸ்-யூ. பின்னால் ஒரு ஹைஃபன் சேர்க்காவிட்டால் பழைய பயனரின் சூழலே தொடரும். 2019-இல் வந்த டெபியன் லினக்ஸ் 10 முதல் இது பலரைப் பிடித்தது: ரூட் ஆகிவிட்டோம், ஆனால் நிர்வாகக் கட்டளைகள் ‘இல்லை’ என்கின்றன. எஸ்-யூ, ஓர் இடைவெளி, ஒரு ஹைஃபன் என்று தட்டினால் தீரும்.

இரண்டாவது, ‘சூடூ சி-டி’. இது ஒருபோதும் வேலை செய்யாது. அடைவு மாற்றும் சி-டி ஒரு தனி நிரல் அல்ல, ஷெல்லுக்குள்ளேயே இருப்பது. தனிச் செயல்முறையாக இயக்கினால் அந்தச் செயல்முறையின் அடைவு மாறி, அது முடிந்ததும் மாற்றமும் மறைந்துவிடும். பிடிபி-7 காலத்தில் செயல்முறைகளைப் பிரிக்கும் ஃபோர்க் வசதியைச் சேர்த்த கையோடு தாம்சன் குழுவினருக்கே இந்தச் சிக்கல் வந்தது. கட்டளையை ஷெல்லுக்குள் கொண்டுபோய்த்தான் சரிசெய்தார்கள். அப்போது அதன் பெயர் இன்னும் நீளமாக ‘சிஹெச்-டிர்’. சி-டி என்ற குறுக்கம் பின்னால் வந்தது.

மூன்றாவது, கொடுத்த உரையை அப்படியே வெளியிடும் எக்கோ கட்டளையை ‘சூடூ எக்கோ’ என்று போட்டுப் பெரிதெனும் குறியால் ரூட்டுக்கு உரிய ஒரு கோப்பில் எழுதப் பார்ப்பது. அந்தக் குறியைக் கையாள்வது உங்கள் ஷெல், சூடூ அல்ல. ஷெல்லுக்கு அந்தக் கோப்பில் எழுத உரிமை கிடையாது. எக்கோவின் வெளியீட்டை பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குறி) வழியாக ‘சூடூ டீ’-க்கு அனுப்புங்கள். டீ என்ற பெயர் பிளம்பர்கள் குழாயைக் கிளை பிரிக்கப் போடும் அதே டீ இணைப்பிலிருந்து வந்தது: ஓடிவருவது ஒரு பக்கம் கோப்புக்கும் இன்னொரு பக்கம் திரைக்கும் போகும்.

வி-ஐ: ‘வை’ என்று சொல்லலாமா?

வேண்டாம். இரண்டெழுத்தையும் தனித்தனியாக, வீ-ஐ. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976-இல் எழுதிய உரைத்தொகுப்பான் இது. ‘ஈ-எக்ஸ்’ என்ற வரித்தொகுப்பானுக்குள் ‘விஷுவல்’ நிலைக்குப் போகத் தட்டும் கட்டளையின் சுருக்கமே பெயராயிற்று. பிராம் மூலனார் 1991-இல் அமிகா கணினிக்காக வெளியிட்ட விம் மட்டும் ஒரே சொல். முதலில் ‘வி-ஐ இமிடேஷன்’ என்று இருந்து, பின்னர் ‘வி-ஐ இம்ப்ரூவ்டு’ என்று விரிவு மாறியது. சுருக்கத்தைத் தொடவே தேவைப்படவில்லை.

ஹெச், ஜே, கே, எல் எழுத்துகளால் நகர்வதற்கும் காரணம் இருக்கிறது. பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அந்த நான்கு சாவிகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன.

வெளியேறத் தெரியாமல் நிற்பவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியது: முதலில் எஸ்கேப், பிறகு கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர். எஸ்கேப்பை விட்டுவிட்டால் இவ்வளவும் கோப்பிலேயே எழுத்தாகப் பதிந்துவிடும்.

டெல்லி டி இரண்டு முறை: அந்தக் கட்டளைக்கு ஏன் இப்படி ஒரு விநோத இலக்கணம்?

வட்டுகளையும் கோப்புகளையும் அப்படியே நகலெடுக்கும் ‘டி-டி’ ஐபிஎம் பெருங்கணினிகளின் ஜேசிஎல் மொழியிலிருந்து வந்தது. அங்கே ‘டேட்டா டெஃபினிஷன்’ என்ற கூற்றின் சுருக்கம் அது. மற்ற யூனிக்ஸ் கட்டளைகள் ஹைஃபன் போட்டு விருப்பங்களை (ஆப்ஷன்களை) ஏற்கும்போது இது மட்டும் ‘பெயர், சமக்குறி, மதிப்பு’ என்று கேட்பதும் அந்த ஜேசிஎல் சாயல்தான்.

உச்சரிப்பில் இங்கே உண்மையான ஆபத்து இருக்கிறது. உள்ளீட்டுக்கு ஐ-எஃப், வெளியீட்டுக்கு ஓ-எஃப். இவற்றை ‘இஃப்’, ‘ஆஃப்’ என்று வேகமாகச் சொன்னால் தொலைபேசியில் ஒன்றுபோலவே கேட்கும். மாறிப்போனால் வட்டு அழியும். உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்காது, திரும்பப் பெறவும் வழியில்லை. ‘இன்புட் ஃபைல், ஐ-எஃப்’, ‘அவுட்புட் ஃபைல், ஓ-எஃப்’ என்று முழுதாகவே சொல்லுங்கள். தட்டுவதற்கு முன் வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்-பிளாக் ஓட்டி, கொள்ளளவைப் பார்த்து எது யூஎஸ்பி, எது கணினியின் சொந்த வட்டு என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். துண்டின் அளவைக் குறிக்கும் பி-எஸ் (பாம்பே பி) மதிப்பைக் கொடுக்காவிட்டால் 512 பைட் துண்டுகளாகவே நகலெடுக்கும். மெதுவாக ஊர்வதற்குக் காரணம் அது. 4எம் என்று கொடுத்தால் வேகம் கூடும்.

டார் எதன் சுருக்கம்?

‘டேப் ஆர்க்கைவ்’. சாலையில் ஊற்றும் தாருக்கு ஆங்கிலத்தில் சொல்லும் அதே ஒலி. 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்தது. வேலை, கோப்புகளைக் காந்த நாடாவில் ஏற்றுவது. எஃப் என்ற விருப்பத்தை ஏன் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியிருக்கிறது என்பதற்கும் விடை இதுதான். ‘நாடாவில் அல்ல, இந்தப் பெயருள்ள கோப்பில்’ என்று சொல்வதே அந்த எஃப்.

எஃப்-க்கு அடுத்து வருவதைத்தான் டார் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். ஹைஃபன் போட்டு சி, எஃப், இசட் என்ற வரிசையில் எழுதினால் ‘இசட்’ என்ற பெயரில் ஒரு காப்பகம் உருவாகும்; நீங்கள் கொடுத்த காப்பகப் பெயரை உள்ளே சேர்க்க வேண்டிய கோப்பாக நினைத்து ‘இல்லை’ என்று புகார் சொல்லும். எஃப்-ஐக் கடைசியில் வையுங்கள்: சி, இசட், எஃப். ஹைஃபனே இல்லாத பழைய பாணியில் இந்தச் சிக்கல் வராது.

அடைவுகளின் பெயர்கள்: ஈ-டி-சி, யூ-எஸ்-ஆர், லிப்?

ஈ-டி-சி ‘எட்செட்ரா’, அதாவது இன்ன பிற. பேச்சில் ‘எட்-சி’ என்பதே அதிகம். எங்கும் சேராத கோப்புகளை வைக்கத் தொடங்கிய இடம் இன்று அமைப்புக் கோப்புகளின் இருப்பிடமாகிவிட்டது.

யூ-எஸ்-ஆர் என்பதை ‘யூசர்’ என்று சொல்வது வரலாற்றுப்படி சரி. தொடக்கத்தில் பயனர்களின் வீட்டு அடைவுகள் அங்கேதான் இருந்தன. முதல் வட்டு நிரம்பியபோது நிரல்களும் அங்கே குடியேறின. பின்னாளில் பயனர்கள் வேறிடம் போனார்கள், நிரல்கள் தங்கிவிட்டன. ‘யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்’ என்ற விரிவு பிற்காலத்தில் ஒட்டியது. ஆனால் வாயால் சொல்லும்போது யூ-எஸ்-ஆர் என்றே எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். ‘யூசர்’ என்றால் கேட்பவர் ஈ சேர்த்துத் தட்டுவார்.

லிப் என்பவர்களும், ‘லைப்ரரி’-யின் ஒலியைக் காத்து லைப் என்பவர்களும் உண்டு. ‘பின்’ என்ற அடைவுப் பெயர் ‘பைனரி’. டி-எம்-பி ‘டெம்ப்’.

எஃப்எஸ்-செக் என்ற கட்டளையில் செக் என்பதற்கு உரிய எழுத்துகள் முழுதாக இல்லை; எழுதுவது எஃப், எஸ், சி, கே. கோப்பு முறைமையைச் சோதிப்பது அதன் வேலை. மவுண்ட் ஆகியிருக்கும் (பயன்பாட்டில் இணைந்திருக்கும்) வட்டுப் பிரிவின் மேல் அதை ஓட்டாதீர்கள், தரவு கெடும்.

சொல்வதும் எழுதுவதும் வேறாக இருப்பதால் ‘கட்டளை இல்லை’ என்று வருபவை எவை?

முதலிடம் யூ-மவுண்ட். ‘அன்மவுண்ட்’ என்று பொருள், ஆனால் எழுத்துகளில் முதல் என் கிடையாது. அடுத்து கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை: ‘பாஸ்வேர்டு’ என்று சொல்வோம், தட்டும்போது டபிள்யூ-வுக்கும் டி-க்கும் நடுவில் ஓ-வும் ஆரும் இல்லை. கட்டளை அல்லாவிட்டாலும், நிரல்கள் இயங்குதளத்திடம் கோப்பு உருவாக்கக் கேட்கும் சிஸ்டம் கால் ‘கிரியேட்’-இலும் கடைசி ஈ இல்லை. யூனிக்ஸை மீண்டும் வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது அந்த ஈ-யைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் சொன்னது பிரபலம்.

ஷெல் நிரலில் ‘ஈசாக்’, ‘ஃபி’ என்று வருகிறதே?

‘கேஸ்’, ‘இஃப்’ ஆகியவற்றைத் திருப்பிப் போட்டவை. ஏழாம் பதிப்பின் ஷெல்லை எழுதிய ஸ்டீஃபன் போர்ன் ஆல்கால் 68 மொழியில் ஈடுபாடு கொண்டவர். தொடங்கிய சொல்லைத் திருப்பி எழுதி முடிக்கும் மரபு அங்கிருந்து வந்தது. அந்தக் கணக்கில் ‘டூ’ என்று தொடங்கும் வளையம் (லூப்) ‘ஓ-டி’ என்று முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓ-டி என்ற பெயரில் எட்டடிமானத்தில் கோப்பைக் காட்டும் கட்டளை முன்பே இருந்தது. அதனால்தான் வளையம் மட்டும் ‘டன்’ என்று முடிகிறது.

பாஷ் ‘போர்ன் அகெயின் ஷெல்’. பிரையன் ஃபாக்ஸ், 1989. இசட்-ஷெல்லில் உள்ள இசட் கடைசி எழுத்து என்பதற்காக வந்ததல்ல. ஜாங் ஷாவ் என்ற கற்பித்தல் உதவியாளரின் லாகின் பெயரைப் பால் ஃபால்ஸ்டட் எடுத்துக்கொண்டார். அமெரிக்கர்கள் ‘ஜீ ஷெல்’ என்பார்கள்.

டீமன் என்றால் பேயா?

இல்லை. பின்னணியில் ஓடும் நிரலுக்கு இந்தப் பெயரை 1960-களில் எம்ஐடி-யின் புராஜெக்ட் மேக் குழுவினர் வைத்தார்கள். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் ‘டீமன்’-தான் முன்மாதிரி. டீமன் என்பதே பரவலான உச்சரிப்பு; டேமன் என்றும் கேட்கலாம். பெயர்களின் கடைசியில் தொங்கும் டெல்லி டி இதைக் குறிப்பது. எப்போதும் தனியாகச் சொல்லுங்கள்: எஸ்எஸ்ஹெச்-டி, ஹெச்டிடிபி-டி, சிஸ்டம்-டி. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், காலத்தைக் குறிக்கும் ‘க்ரோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.

பிங், லெஸ், நானோ?

பிங் முழுக்க ஓர் ஓசை. நீர்மூழ்கிகளின் சோனார் எழுப்பும் ஒலியை நினைத்து மைக் மூஸ் 1983 டிசம்பரில் வைத்த பெயர்; அவர் அமெரிக்க ராணுவத்தின் எறிபடையியல் ஆய்வகத்தில் இருந்தார். அதற்கு ஒரு நீண்ட விரிவு சொல்வார்கள். அது பிறகு பொருத்தியது.

‘மோர்’ பக்கம் பக்கமாகக் காட்டி, இன்னும் இருக்கிறது என்று அறிவிக்கும். அதைவிட வசதியாக, பின்னாலும் நகரும்படி மார்க் நூடல்மன் எழுதியது ‘லெஸ்’. நானோ, ‘பிக்கோ’ என்ற தொகுப்பானுக்கு மாற்றாக எழுதப்பட்டது. அளவைகளில் நானோ பிக்கோவைப்போல் ஆயிரம் மடங்கு.

க்னூ, லினக்ஸ், கிட், என்ஜின் எக்ஸ்: சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

க்னூ: ஜி ஒலிக்கும், ஒரே அசை. லினக்ஸ்: லைனக்ஸ் அல்ல, லினஸ் டோர்வால்ட்ஸ் தன் குரலிலேயே பதிவு செய்து வெளியிட்ட உச்சரிப்பு ‘லினுக்ஸ்’ என்பதற்கு நெருக்கம், தமிழில் நாம் சொல்வது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கிட்: ‘கிட்டார்’ என்பதில் வரும் கி, ஜிட் அல்ல. என்ஜின் எக்ஸ்: எழுத்துகளில் என்ஜினின் முதல் ஈ-யும் கடைசி ஈ-யும் கிடையாது, அதனால் ‘நிஜின்க்ஸ்’ என்று படிக்கத் தோன்றும். டெபியன்: டெப்ரா, இயன் என்ற இரு பெயர்களின் சேர்க்கை, அதனால் டெப்-இயன். கர்ல்: சுருள்முடியின் ஆங்கிலச் சொல்லைப்போல. மை எஸ்-கியூ-எல்: உருவாக்கியவர்கள் சொல்வது இப்படி, ‘மை’ நிறுவனர்களில் ஒருவரான மான்டி விடெனியஸின் மகள் பெயர். ‘சீக்வல்’ என்பவர்களும் தவறில்லை. எஸ்-கியூ-எல் என்ற தரவுத்தள வினவல் மொழிக்கு ஐபிஎம் 1974-இல் வைத்த முதல் பெயரே அதுதான், வணிகக்குறிச் சிக்கலால் சுருங்கியது.

தொலைபேசியில் கட்டளையைப் பிழையில்லாமல் சொல்வது எப்படி?

இடைவெளியை எப்போதும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘ஸ்பேஸ்’. தமிழ்ப் பேச்சில் கட்டளையையும் விருப்பத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் இருப்பதால் எதிரில் இருப்பவர் ஒட்டித் தட்டிவிடுவார். தேவையில்லாத இடத்தில் விழும் இடைவெளி இன்னும் மோசம். ஆர்-எம் ஹைஃபன் ஆர்-எஃப்-க்குப் பின் ஸ்லாஷும் அடைவின் பெயரும் ஒட்டி வர வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பேஸ் விழுந்தால், அழிக்கச் சொன்னது வேர் அடைவை. இன்றைய க்னூ ஆர்-எம் வேர் அடைவை நேரடியாகக் கொடுத்தால் மறுத்துவிடும். ஆனால் ஸ்லாஷை ஒட்டி நட்சத்திரம் வந்தால் அந்தப் பாதுகாப்பு உதவாது. ஷெல் அதை ஒவ்வோர் அடைவாக விரித்துக் கொடுத்துவிடும். ஆர்-எம் சொல்வதற்கு முன் அதே வரியில் ஆர்-எம் இடத்தில் எக்கோ போட்டு ஓட்டச் சொல்லுங்கள். எவை அழியும் என்று பட்டியலாகத் தெரியும்.

ஹைஃபனை நம் ஊரில் ‘மைனஸ்’ என்றும் ‘டேஷ்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் சரி, ஒன்றையே கடைசி வரை சொல்லுங்கள். இரட்டை ஹைஃபனை ‘இரண்டு ஹைஃபன், நடுவில் ஸ்பேஸ் இல்லாமல்’ என்று சொல்லுங்கள். அண்டர்ஸ்கோரைக் ‘கீழ்க்கோடு’ என்றால் பெரும்பாலோர்க்குப் பிடிபடும். ஸ்லாஷ் என்றால் முன்னோக்கிச் சாய்ந்தது. விண்டோஸில் பழகியவரிடம் ‘கேள்விக்குறிச் சாவியில் இருப்பது’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

எழுத்துகளில் குழம்பும் இணைகள்: பி-யும் பி-யும் (பாம்பே, பாப்பா), டி-யும் டி-யும் (டெல்லி, டைகர்), எம்-மும் என்-னும், எஃப்-பும் எஸ்-ஸும். ரூட் என்ற ஒலிக்கு நம் ஆங்கிலத்தில் இரண்டு பொருள்: நிர்வாகப் பயனர் ஒன்று, வலைப்பாதையைக் காட்டும் கட்டளை இன்னொன்று. அமெரிக்கர்கள் பலர் இரண்டாவதை ‘ரவுட்’ என்பதால் அங்கே சிக்கல் குறைவு. நாம் ‘ரூட் யூசர்’, ‘நெட்வொர்க் ரூட்’ என்று அடைமொழி சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நீளமான கட்டளை என்றால் சொல்லாமல் அனுப்பிவிடுவது நல்லது, ஆனால் சொற்செயலிக் கோப்பில் வைத்து அனுப்பாதீர்கள். அது நேர் மேற்கோள்குறியை வளைந்த குறியாகவும், இரட்டை ஹைஃபனை நீளக் கோடாகவும் மாற்றிவிடும். பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், ஷெல் ஏற்காது. வெறும் உரைக் கோப்பாக அனுப்புங்கள்.

ஒரு பெயரின் விரிவு தெரியாவிட்டால் எங்கே பார்ப்பது?

முதலில் கட்டளையின் கையேடான மேன் பக்கத்தின் ‘நேம்’ வரி. அதை மட்டும் ஒரே வரியில் பார்க்க ‘வாட்-இஸ்’. பெயரே தெரியாமல் வேலை மட்டும் தெரிந்தால் ‘அப்ரபோ’, பின்னால் தேடும் சொல். பிரெஞ்சு வழிச் சொல் என்பதால் எழுத்தில் கடைசியில் உள்ள எஸ் ஒலிக்காது, தட்டும்போது வேண்டும். ‘ஒன்றும் பொருத்தமாக இல்லை’ என்று எல்லாவற்றுக்கும் பதில் வந்தால் மேன் பக்கங்களின் அட்டவணை இன்னும் உருவாகவில்லை. ரூட்டாக ‘மேன்-டிபி’ கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டு மீண்டும் தேடுங்கள். அந்தப் பெயரில் எம், ஏ, என், டெல்லி டி, பாம்பே பி என்ற ஐந்து எழுத்துதான். நடுவில் ஹைஃபன் இல்லை.